கடற்பாறைகளும் காவலர்களும்

பெங்களூர் கடலில்லாத நகரம். கடல் மட்டத்திற்கு மேல் 900 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில், மேற்குக் கடலுக்கும் கிழக்குக் கடலுக்கும் ஏறத்தாழ நடுவிலே அமைந்த மேட்டுநிலம் இது. நாகையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் கடலூரிலிருந்தும் இங்கு வந்து குடியேறிய தமிழர்களாகிய நமக்கு இந்நகரின் குளிர்ந்த காற்று பிடித்துவிடுகிறது. ஏரிகளும் பூங்காக்களும் பழகிவிடுகின்றன. ஆயினும் அலையோசை கேட்டு வளர்ந்த செவிகளுக்கு ஏதோ ஒரு குறை இருந்துகொண்டேதான் இருக்கும். அக்குறையைத் தீர்த்துக்கொள்ளச் சிலர் விடுமுறை நாட்களில் கடற்கரை ஊர்களுக்குச் செல்கின்றனர். அவர்களுள்ளும் ஒரு சிறு கூட்டம், கடலைக் காண்பதற்காக மட்டும் அன்றி, கடல் நடுவே நிற்கும் பாறைகளையும் அவற்றில் வாழும் பறவைகளையும் காண்பதற்காக இரவு முழுவதும் பயணம் செய்கிறது.

பலர் ஒன்றுகூடிக் கடற்பறவைகளைக் காணச் செல்லும் இவ்வழக்கத்திற்கு ஒரு சரித்திரம் உண்டு. அதன் தொடக்கம் அவ்வளவு இனிமையானதன்று. இன்று கண்ணாடியும் குறிப்பேடும் ஏந்திச் செல்லும் கூட்டத்திற்கு முன்னோடியாக இருந்தது, துப்பாக்கி ஏந்திச் சென்ற ஒரு கூட்டமே ஆகும்.

இங்கிலாந்தின் யார்க்ஷயர் கடற்கரையில் பெம்ப்டன், ஃபிளாம்பரோ என்னும் இடங்களில் வெண்சுண்ணப் பாறைகள் கடலினின்று செங்குத்தாக எழுந்து நிற்கின்றன. சில இடங்களில் அவற்றின் உயரம் 100 மீட்டரையும் தாண்டும். நரியும் பூனையும் ஏற முடியாத அச்சுவர்களின் விளிம்புகளில் கோடைதோறும் லட்சக்கணக்கான கடற்பறவைகள் வந்து முட்டையிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இருப்புப் பாதை அப்பகுதியை எட்டியது. நகரத்து மாந்தர் ரயிலில் வந்திறங்கினர். படகுகளை வாடகைக்கு அமர்த்தினர். கூட்டங்கூட்டமாகப் பாறையடியில் சென்று, அடைகாத்துக் கொண்டிருந்த பறவைகளைப் பொழுதுபோக்காகச் சுட்டனர். விழுந்தவற்றுள் பலவற்றை எடுக்கவும் இல்லை. தாய் தந்தையரை இழந்த குஞ்சுகள் விளிம்புகளிலே பட்டினியால் மடிந்தன. கிட்டிவேக் என்னும் சிறிய கடற்காக்கையின் இறகுகள் சீமாட்டிகளின் தொப்பிகளை அலங்கரிக்கச் சென்றன.

1868-ஆம் ஆண்டு நாரிச் நகரில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில், ஆல்பிரட் நியூட்டன் என்ற விலங்கியற் பேராசிரியர் இக்கொடுமையை எடுத்துரைத்தார். அவர் சொல்லை நாட்டார் செவிமடுத்ததற்கு இரக்கம் ஒன்றே காரணமன்று. மூடுபனியில் கரை தெரியாது தவிக்கும் மாலுமிகளுக்குப் பாறைப் பறவைகளின் கூச்சலே எச்சரிக்கை மணியாக இருந்தது. பறவைகள் குறைந்தால் கப்பல்கள் பாறையில் மோதும் என்று கடலோர மக்கள் அஞ்சினர். 1869-இல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. ஏப்ரல் முதல் நாள் தொடங்கி ஆகஸ்ட் முதல் நாள் வரை கடற்பறவைகளைக் கொல்லலாகாது என்று அது விதித்தது. அந்நாட்டில் காட்டுப் பறவைகளைக் காப்பதற்காகத் தோன்றிய சட்டங்களுள் இதுவே முன்னோடி என்பர். கயிற்றில் தொங்கி முட்டை எடுக்கும் தொழில் மட்டும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் வரும்வரை அங்கே நீடித்தது. இன்று அதே பாறைகளில் ஏறத்தாழ 5 லட்சம் பறவைகள் கூடுகின்றன. அவற்றைக் காண மக்கள் வேலிக்கு இப்பால் நின்று அமைதியாகப் பார்த்துச் செல்கின்றனர்.

இவ்வரலாற்றைப் படிக்கும் தமிழர் எவரும் ஓர் ஆண்டைத் தம் மனத்தில் நிறுத்திக்கொள்ளல் வேண்டும். அது 1798. பெம்ப்டன் பறவைகளுக்குச் சட்டம் வருவதற்கு 71 ஆண்டுகளுக்கு முன்பே, செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த வேடந்தாங்கல் என்னும் சிற்றூரின் குடியானவர்கள் தங்கள் ஏரியின் பறவைகளுக்குக் காப்பு வாங்கிவிட்டனர். வெள்ளைச் சிப்பாய்கள் ஏரியில் இறங்கிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் நேரே கலெக்டரிடம் சென்று முறையிட்டனர். அப்பொழுது கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் என்பவர், இனி எவரும் அங்கே பறவைகளைத் துன்புறுத்தலாகாது என்று அவர்களுக்குக் கௌல் ஒன்று வழங்கினார்.

கௌல் என்னும் சொல்லைப் பற்றி இங்கு ஒரு வார்த்தை சொல்லுதல் பொருத்தமாகும். அது அரபு மொழியில் வாக்கு, உறுதிமொழி என்னும் பொருளில் வழங்குவது. பாரசீகத்தின் வழியாக நம் நாட்டுக் கச்சேரிகளில் புகுந்து, அரசு குடிகளுக்கு எழுத்தில் கொடுக்கும் உறுதியைக் குறிக்கலாயிற்று. நில வரிக்குக் கௌல் உண்டு; குத்தகைக்குக் கௌல் உண்டு. பறவைகளுக்காக ஓர் ஊர் கேட்டுப் பெற்ற கௌல் இது. 1858-இல் அவ்வுரிமை மீண்டும் உறுதி செய்யப்பட்டது. 1936-இல் அவ்வேரி முறைப்படி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலைகளின் பட்டியலிலும் இடம்பெற்றது.

வேடந்தாங்கல் மக்கள் பறவைகளைக் காத்ததும் வெறும் இரக்கத்தினால் மட்டும் அன்று. நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் இடும் எச்சம் ஏரி நீரில் கலந்து வயலுக்கு உரமாகப் பாய்வதை அவர்கள் கண்கூடாக அறிந்திருந்தனர். யார்க்ஷயரின் மாலுமிக்குப் பறவையின் குரல் பயன்பட்டது. தொண்டை மண்டலத்தின் உழவனுக்குப் பறவையின் எச்சம் பயன்பட்டது. பறவையோடு சேர்ந்து வாழ்பவனே அதன் அருமையை முதலில் உணர்கிறான் என்பதற்கு இவ்விரண்டும் சான்றுகள். ஒன்றில் பேராசிரியரும் பாராளுமன்றமும் தேவைப்பட்டனர்; மற்றொன்றில் ஊராரின் ஒற்றுமையே போதுமானதாயிற்று.

இனி நம் மேற்குக் கடற்கரைக்கு வருவோம். பெம்ப்டனைப் போன்று மைல் கணக்கில் நீண்ட பறவைச் சுவர் நம் நாட்டில் இல்லை. நமது கரைகள் பெரும்பாலும் மணலும், கழிமுகமும், தாழ்ந்த செம்புறைக் கல் முனைகளுமாக அமைந்தவை. வெப்பக் கடல்களில் பறவைக் கூட்டங்களும் வடகடலில் உள்ள அளவிற்குத் திரள்வதில்லை. நாம் குளிர்காலத்தில் காணும் கடற்காக்கைகள் வடக்கே தொலைதூரத்தில் முட்டையிட்டு, இங்கே விருந்தாளிகளாக வருபவை. ஆலாக்கள் முட்டையிடுவதற்கு லட்சத்தீவுகளில் பக்ஷிப்பிட்டி போன்ற ஆளில்லாத மணல்திட்டுகளை நாடுகின்றன. செங்குத்தான கடற்பாறையில் கூடு கட்டும் பறவைகளைக் காண வேண்டுமாயின், கரையை விட்டு விலகி நிற்கும் சில பாறைத் தீவுகளுக்கே செல்ல வேண்டும். மகாராஷ்டிரத்தின் தென்கோடியில் வெங்குர்லாப் பாறைகள், கர்நாடகத்தில் நேத்ராணி, கேரளத்தில் வெள்ளியாங்கல் ஆகியவை அவற்றுள் குறிப்பிடத்தக்கன.

நேத்ராணி என்பது உத்தர கன்னட மாவட்டத்தில் முருடேசுவரத்திற்கு நேர் எதிரே, கரையிலிருந்து சுமார் 19 கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் தீவு. ஆங்கிலக் கடற்படங்கள் அதனைப் புறாத் தீவு என்று குறித்தன. மாடப்புறாக்கள் அதன் பாறை வெடிப்புகளில் வாழ்வதே அப்பெயருக்குக் காரணம். மீனவர்கள் அத்தீவைப் புனிதமாகக் கருதுகின்றனர். மனிதர் எவரும் அங்கே குடியிருப்பதில்லை. ஆடுகள் சில காட்டுத்தனமாகத் திரிகின்றன. தீவைச் சுற்றிப் பவளப் பாறைகள் உள்ளன. தீவின் உயர்ந்த மரங்களில் வெண்வயிற்றுக் கடற்கழுகுகள் கூடு கட்டுகின்றன. அதன் குகைகளில் உழவாரக் குருவி இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு பறவை வாழ்கிறது. இருண்ட குகையில் அது சடசடவென்று ஒலியெழுப்பி, அவ்வொலி பாறையில் பட்டுத் திரும்புவதைக் கொண்டே வழியறிந்து பறக்கிறது. தன் உமிழ்நீரைப் பசையாகக் கொண்டு பாறைச் சுவரில் கூடு ஒட்டுகிறது.

இப்பாறைகளின் பறவைகளைக் குறித்து எழுதிய முதல்வருள் ஒருவர் தாமஸ் ஜெர்டன். சென்னை இராணுவத்தில் மருத்துவராக வந்து, தலைச்சேரியிலும் பணியாற்றியவர். 1862-இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய இந்தியப் பறவைகள் என்னும் நூல், நம் நாட்டுப் பறவைகளை முறையாகத் தொகுத்துக் கூறிய பெருநூலாகும். அவருக்குப் பின் வந்தவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். காங்கிரஸ் மகாசபையை 1885-இல் தோற்றுவித்தவர் என்று நாம் பள்ளியில் படித்த அதே ஹியூம்தான். 1875-ஆம் ஆண்டு பிப்ரவரியில் கிளைட் என்னும் கடலாய்வுக் கப்பலில் ஏறி, மேற்குக் கரையையும் லட்சத்தீவுகளையும் சுற்றி வந்தார். கலங்கரை விளக்கங்களுக்கு ஏற்ற இடங்களை ஆராய்வது கப்பலின் அலுவல். பறவைகளைத் திரட்டுவது ஹியூமின் ஆர்வம். மறு ஆண்டு தம் பத்திரிகையில் அப்பயணத்தை விரிவாக எழுதி வெளியிட்டார்.

ஹியூமின் கதை இப்பொருளுக்கு ஒரு பாடமும் தருகிறது. பறவைகளைச் சுட்டு, தோலுரித்து, பெட்டிகளில் அடுக்கி வைப்பதே அக்காலத்து ஆராய்ச்சி முறை. அவ்வாறு அவர் சேர்த்தவை 80,000-க்கும் மேற்பட்டவை. சிம்லாவில் இருந்த அவருடைய கையெழுத்துக் குறிப்புகளை வீட்டில் இருந்த பணியாளர் எடுத்துப் பழைய தாளாக விற்றுவிட்டனர். பல ஆண்டு உழைப்பு அழிந்ததைக் கண்ட ஹியூம் மனமுடைந்து, 1885-இல் தம் திரட்டை லண்டன் அருங்காட்சியகத்திற்கு அளித்துவிட்டார். பறவைகளின் தோல்கள் கடல் கடந்து சென்றன. அவற்றை வாழ்வோடு இணைத்துச் சொல்லியிருக்கக்கூடிய குறிப்புகள் கடைத்தெருவில் மறைந்தன. ஒரு தனி மனிதரின் அறையில் மட்டும் அறிவு தங்கியிருந்தால் அதற்கு நேரக்கூடிய கதி இதுவேயன்றோ!

துப்பாக்கி கைவிடப்பட்டதும், பலர் சேர்ந்து பார்த்து எழுதும் வழக்கம் வந்ததும் படிப்படியாக நிகழ்ந்தவை. டாக்டர் சாலிம் அலி 1939, 1940-ஆம் ஆண்டுகளில் மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளை ஆராய வந்தபோதும் மாதிரிகள் சேகரிப்பது வேலையின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனால் அப்பயணத்தின் விளைவுகளுள் நிலைத்து நின்றது வேறொன்று. ஸ்ரீரங்கப்பட்டணத்தின் அருகே காவிரித் திட்டுகளில் நாரைகள் கூடு கட்டியிருப்பதைக் கண்ட அவர், அவற்றைக் காக்குமாறு சமஸ்தானத்தாரை வேண்டினார். 1940-இல் ரங்கனதிட்டு சரணாலயமாயிற்று. பதினேழாம் நூற்றாண்டில் மைசூர் மன்னர் கட்டுவித்த அணைக்கட்டினால் உண்டான திட்டுகள் அவை. பாசனத்திற்காகக் கட்டிய அணை பறவைக்கும் வீடு கட்டிக் கொடுத்தது.

மைசூர், பெங்களூர் வட்டாரத்தில் நம்மவருக்குத் தெரிந்த மற்றோர் ஊர், மண்டியா மாவட்டத்துக் கொக்கரெபெள்ளூர். அங்கே கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. வேடந்தாங்கலின் கதையே அங்கும். ஊரார் அப்பறவைகளைத் தம் வீட்டுப் பிள்ளைகளாகவே எண்ணிக் காத்து வந்தனர். 1976-இல் வனத்துறை அதிகாரி நெகின்ஹாள் அவ்வூரைப் பற்றி வெளியுலகிற்கு அறிவித்தார். 2007-இல் அது மக்கள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

தமிழரும் இவ்வரலாற்றில் பங்கு பெற்றனர். எழுத்தாளர் அ. மாதவையாவின் மைந்தர் மா. கிருஷ்ணன், 1940-களில் இன்றைய பல்லாரி மாவட்டத்துச் சண்டூர் சமஸ்தானத்தில் பணியாற்றியவர். அந்தப் புதர்க்காடுகளிலே கண்டவற்றையும் பின்னர்க் கண்டவற்றையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை ஒரே பத்திரிகையில் இயற்கைக் குறிப்பு எழுதி வந்தவர் அவர். பிற மாநிலத்தில் வாழ்ந்த தமிழர் ஒருவர், தாம் வாழ்ந்த மண்ணின் உயிர்களைத் தம் மொழியில் பேச வைத்தார் என்பது நமக்கு ஊக்கமளிக்கும் செய்தி.

பறவை நோக்குவோரை ஒருவரோடொருவர் இணைத்ததில் ஜாஃபர் ஃபத்தேஹல்லி என்பாருக்குப் பெரும்பங்கு உண்டு. 1960-ஐ ஒட்டிப் பம்பாயில் அவர் தொடங்கிய எளிய செய்தி மடல், நாடெங்கும் சிதறிக் கிடந்த ஆர்வலர் தம் குறிப்புகளைப் பரிமாறிக்கொள்ள உதவியது. அவரும் பின்னாளில் பெங்களூர்வாசியாகி, 2013-இல் மறைந்தார். 1970-களின் தொடக்கத்தில் பெங்களூரில் பறவை நோக்குவோர் களக் கழகம் ஒன்று உருவாயிற்று. மாதத்தின் இரண்டாம் ஞாயிறன்று காலையில் லால்பாகில் கூடி, மூத்தவரும் இளையவரும் சேர்ந்து நடந்து, கண்டதை எழுதிக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியது. பலரது குறிப்புகளையும் ஒன்றுசேர்த்து 1994-இல் பெங்களூர்ப் பறவைகளின் பட்டியல் நூலாக வெளிவந்தது. ஹியூமின் அறையில் நிகழ்ந்த இழப்பு இங்கே நிகழ வழியில்லை. அறிவு பலர் கையில் பரவிவிட்டது.

இத்தகைய குழுக்களே இப்பொழுது கடலையும் நாடுகின்றன. 2010-க்குப் பின் கேரளத்துக் கண்ணூரிலிருந்தும் உடுப்பியை அடுத்த மால்பேயிலிருந்தும் மீன்பிடிப் படகுகளை அமர்த்திக்கொண்டு ஆழ்கடல் பறவைகளைக் கணக்கெடுக்கச் செல்வோர் பெருகினர். தென்துருவப் பனிக்கண்டத்தின் ஓரங்களில் முட்டையிட்டு, நம் அரபிக் கடல் வரை வரும் வில்சனின் ஸ்டார்ம் பெட்ரல் என்னும் சிறுபறவையை அவர்கள் அலையை உரசிப் பறக்கக் காண்கின்றனர். ஊர்க்குருவியைவிடச் சற்றே பெரியது அது; அதன் பயணமோ உலகின் பாதி.

நேத்ராணிக்குச் செல்வோர் பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 500 கிலோமீட்டர் கடந்து முருடேசுவரத்தை அடைந்து, விடியற்காலையில் படகு ஏறுவர். நாங்கள் சிலர் ஒரு டிசம்பர் மாதத்தில் அவ்வாறு சென்றோம். கரையிலிருந்து பார்க்கும்போது நீல நிழலாகத் தெரிந்த தீவு, அருகே நெருங்க நெருங்க மரமடர்ந்த முடியும் அலை மோதும் கரும்பாறை அடியுமாக உயர்ந்தது. படகோட்டி, தீவில் இறங்குவதில்லை என்று புறப்படும்போதே கூறிவிட்டார். எங்களுள் இளையவர் ஒருவர், கூடுகளுக்கு இன்னும் சற்று அருகே சென்றால் நல்ல படம் கிடைக்குமே என்று கேட்டார். "தாய் எழுந்து பறந்தால் முட்டைக்கு வெயில் படும், காக்கை வரும். நமக்குப் படம், அதற்குப் பிள்ளை போய்விடும்," என்றார் குழுவில் மூத்தவர். படகோட்டியும் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துத் தொலைவிலேயே தீவைச் சுற்றினார். இரு கடற்கழுகுகள் முடியிலிருந்து புறப்பட்டு, வெண்மையான வயிறு வெயிலில் மின்ன, எங்கள் தலைக்கு மேல் ஒரு வட்டமிட்டுத் திரும்பின. குகை வாயில்களில் உழவாரக் குருவிகள் புகுவதும் வெளிவருவதுமாக இருந்தன. மூவர் எண்ணினர், ஒருவர் எழுதினார். எண்ணிக்கைகள் ஒத்து வராதபோது மீண்டும் எண்ணினர்.

அம்மூத்தவர் கூறிய வார்த்தையே இக்கட்டுரையின் மையப் பொருள் என்று சொல்லலாம். கூட்டமாகச் சென்று பறவையைக் காண்பது என்பது, கூட்டமாகச் சென்று பறவையைக் கலைப்பதாகவும் ஆகிவிடக்கூடும். 1860-களின் யார்க்ஷயர்க் கூட்டம் கொல்ல வேண்டும் என்று வந்தது. இன்றைய கூட்டம் அன்பினால் வருகிறது. ஆயினும் அன்பு மிகுந்து நெருங்குவோராலும் கூடு கைவிடப்படலாம். கூட்டுக்குள்ளிருக்கும் குஞ்சுக்கு இவ்விரு கூட்டத்திற்கும் வேறுபாடு தெரியப்போவதில்லை.

அபாயங்கள் வேறும் உள்ளன. உழவாரக் குருவியின் உறவினமான பிறிதொரு பறவை உமிழ்நீரினாலேயே கட்டும் வெண்கூடு, கிழக்காசிய நாடுகளில் விலையுயர்ந்த உணவு. நம் கரையிலுள்ள பறவையின் கூட்டில் புல்லும் இறகும் கலந்திருந்த போதிலும் அதையும் விற்பனைக்காகத் திருடுவோர் உண்டு. 2000-களின் தொடக்கத்தில் வெங்குர்லாப் பாறைகளில் அத்தகைய திருட்டு வெளிப்பட்டது. இயற்கை ஆர்வலர்களின் விழிப்பே அதனை வெளிக்கொணர்ந்தது. நேத்ராணியின் நிலையோ வேறு வகையானது. நாட்டுப் பாதுகாப்பின் பொருட்டுக் கடற்படையினர் அத்தீவைக் குண்டு எறியும் பயிற்சிக்கு இலக்காகப் பயன்படுத்தி வந்தனர். பெங்களூரிலுள்ள இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் தீவின் பவளத்தையும் பறவையையும் பற்றி ஆராய்ந்து, இச்செல்வத்தைக் காக்க வேண்டும் என்று எடுத்துரைத்தனர். கடலில்லாத நகரத்திலிருந்து கடல் தீவிற்காக எழுந்த குரல் அது.

எங்கே எத்தனை பறவை இருந்தது என்று சொல்ல எவரேனும் முன்பே எண்ணி வைத்திருந்தால்தான், குறைந்தபோது குறைந்தது என்று கூற முடியும். 1987 முதல் ஆண்டுதோறும் ஜனவரியில் ஆசிய நாடுகள் பலவற்றில் நடைபெறும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இவ்வுண்மையின் மேல் எழுந்ததே. அதில் பங்கு கொள்வோருள் பேராசிரியர் சிலர். ஏனையோர் வங்கி ஊழியர், ஆசிரியர், மாணவர், ஓய்வு பெற்றோர். பட்டம் தேவையில்லை; பொறுமை தேவை.

பெங்களூரில் வாழும் தமிழன்பர்கள் இப்பணியில் சேர மொழி ஒரு தடையன்று. பறவையைக் கன்னடரும் தமிழரும் வெவ்வேறு பெயரால் அழைக்கலாம். எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. முதலில் வீட்டருகே உள்ள ஏரியில் தொடங்கலாம்; பின்னர் ரங்கனதிட்டு, கொக்கரெபெள்ளூர்; கடைசியில் கடல். ஊருக்குச் செல்லும்போது பிள்ளைகளை வேடந்தாங்கலுக்கு அழைத்துச் சென்று, 1798-இல் அவ்வூரார் என்ன செய்தனர் என்பதையும் சொல்லலாம். சட்டம் அறியாத காலத்தில், எழுத்தறியாத பலர் கலெக்டர் கச்சேரி வரை நடந்து சென்று பறவைக்காக ஒரு கௌல் வாங்கி வந்தனர். நேத்ராணிப் பாறைக்கு அப்படிப்பட்ட ஓர் ஊர் இல்லை. தொலைவிலிருந்து பார்த்து, எண்ணி, எழுதி, தொந்தரவு செய்யாமல் திரும்பும் கூட்டமே அதற்கு ஊராக இருந்தாக வேண்டும்.